இருக்கிற இடம் தெரியாத பெண்

பேச்சிராஜா தன் பெண்டாட்டியைத் தீர்த்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டான்.

தெற்கத்திக்காரர் அல்லாதவர்கள் இதைக் கேட்டால் பதறுவார்கள். பதற ஒன்றுமில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் தீர்த்துவிடுவது என்றால் ஆளைக் கொல்வதில்லை. நாலு பேர் முன்னால் உட்கார்ந்து, உனக்கும் எனக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லி, தாலியைக் கழற்றி வாங்கிக்கொள்வது. கோர்ட்டும் வக்கீலும் வசதிப்பட்டவர்களுக்கு. தாராவியில் அவன் ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. குழாயடிச் சண்டையிலிருந்து கட்டினவளைக் கைவிடுவது வரை அங்கேதான் தீரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று சங்கத் தலைவர் பிரம்மநாயகம் அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

அவனைக் குற்றம் சொல்ல ஆள் இல்லை. சலாவுதீன் பாயின் தோல் பெல்ட் தைக்கும் கார்கானாவில் அவன் தையல் மிஷின் ஓட்டுகிறான். மிஷின் ஓடும்போது போன் அடித்தால் காதில் விழாது. விழாவிட்டால் பெண்டாட்டி பானுமதிக்கு அவன் செத்துப்போனான், இல்லை ஓடிப்போனான், இரண்டில் ஒன்று. எடுத்தால் படத்தோடு பேச வேண்டும். மிஷினைக் காட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவனைக் காட்ட வேண்டும். "என்னையும் காட்டுப்பா, மொதலாளி இன்னைக்கு வந்தானான்னு அவளும் பாத்துக்கிடட்டும்" என்று பாய் ஆரம்பத்தில் கேலி பேசிக்கொண்டிருந்தார். கேலி பேசுவதை அவர் நிறுத்திய நாளும் வந்தது. அன்று பானுமதி கையில் பிளேடால் கிழித்துக்கொண்டு கார்கானா வாசலில் வந்து நின்றாள். பெட்டியில் அடுக்கிவைத்த பெல்ட்டுகளின் மேல் ரத்தம் சொட்டியது. "எல்லாரும் பாத்துக்கோங்க, இவன் என்னைய விட்டுட்டுப் போயிட்டான்" என்றாள். அவன் காலையிலிருந்து அங்கே, அந்த மிஷினில்தான் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் அவளே நெத்திலி வாங்கிக் குழம்பு வைத்து, கட்டுப்போட்ட கையால் அவனுக்கு ஊட்டிவிட்டாள். உன்னைப்போல ஒருத்தன் இந்த உலகத்திலேயே கிடையாது என்று அழுதாள். அப்படி ஒரு குழம்பை அவன் ஆயுசில் தின்றதில்லை. அதுதான் அவனைக் கட்டிப்போட்டது. வெறும் பேயாக இருந்திருந்தால் என்றைக்கோ ஓடியிருப்பான்.

அவனுக்கு மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. பக்கத்து அறை ஷமீமா ஒரு மாதம் உடன்பிறவாத அக்காவாக இருந்தாள். பானுமதியைக் கூப்பிடாமல் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாள். அதோடு துரோகியாகிவிட்டாள். அவள் உலர்த்திய துணியெல்லாம் சாக்கடையில் கிடந்தது. பானுமதி வேலைக்குப் போன இடங்களிலும் இதே கதைதான். முதல் வாரம் முதலாளியம்மா தெய்வம், மூன்றாம் வாரம் பிசாசு. பிள்ளை வேண்டும் என்று ஒருநாள் அழுவாள். பெற்றால் அது என்னை விட்டுவிட்டுப் போய்விடும் என்று மறுநாள் அழுவாள். வருஷங்கள் இப்படியே போயின. பிள்ளை இல்லை.

தெருவில் ஆளுக்கொரு பேர் வைத்திருந்தார்கள். திமிர் என்றார்கள் சிலர். காத்துக்கருப்பு என்றார்கள். "ரெண்டு அடி போட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்றான் பேச்சிராஜாவின் அண்ணன் மாரிக்கண்ணன். பேச்சிராஜா ஒருமுறை அதையும் செய்து பார்த்தான். அவள் திருப்பி அடிக்கவில்லை. "அடி, ஆனா போயிராத" என்றாள். அதற்கப்புறம் அவனுக்குக் கை எழவில்லை.

சங்கத்துக்குச் சேதி போனதும் மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து மாமியார் முப்பிடாதியம்மாள் இறங்கி வந்துவிட்டாள். தலைவர் வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கப் பேசினாள்.

"எம்மவ தங்கம். ஒங்க வீட்டுக்கு வந்துதான் பித்தளையாயிட்டா. பைத்தியம்னு சொல்லித் தீத்து விடப் பாக்குதீயளோ? டாக்டருகிட்ட காட்டுங்க. அவுக பைத்தியம்னு சொல்லட்டும், பெறவு நான் வாயத் தெறக்கல."

அண்ணாச்சிக்கும் அது நியாயமாகப் பட்டது. "சரிம்மா. ஞாயித்துக்கெழமைக்கு முன்னால காட்டிருங்க. ஏல பேச்சி, நீயே கூட்டிட்டுப் போ. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

அப்படித்தான் புதன்கிழமை மூன்று பேரும் செம்பூர்ப் பக்கம் உள்ள ஒரு முனிசிபல் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள்.

மாமியார் போருக்குப் புறப்பட்டவள் மாதிரி வந்தாள். நல்ல சேலை, நெற்றியில் பெரிய திருநீறு. பேச்சிராஜா கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தான். பிளேடு, துணி, போன், கார்கானா. பானுமதி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தாள். இறங்கும் இடம் வந்ததும், "பொண்ணு பாக்கப் போற மாதிரியே வாரீங்க ரெண்டு பேரும். பூ வாங்கலையா?" என்றாள்.

டாக்டர் ஒரு மராட்டிப் பெண். சின்ன வயதுதான். மேஜையில் பாதி கடித்த வடாபாவ் காகிதத்தோடு இருந்தது. சாப்பிட நேரம் கிடைத்திருக்காது. முதலில் பானுமதியிடம்தான் பேசினாள். பானுமதியின் இந்தி பம்பாய்க்காரி இந்தி, தண்ணீராக ஓடும். ஆனால் அன்றைக்கு ஓடவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல மேடம். இவங்க ரெண்டு பேரும்தான் கேஸ். இவங்களக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

பேச்சிராஜா தன் அடுக்கைச் சொன்னான். டாக்டர் நடுவில் பேசாமல் கேட்டாள். எழுதினாள். கையைக் காட்டச் சொன்னாள், பானுமதி காட்டினாள். பழைய கோடுகள், புதுக் கோடுகள். பிறகு டாக்டர் மாமியார் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளையாக இருந்தபோது எப்படி இருந்தாள் என்று கேட்டாள்.

முப்பிடாதியம்மாள் இதற்காகத்தான் வந்திருந்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாட்டுங்காவில் பாத்திரம் தேய்த்த வீடுகளிலும் காய்கறி மார்க்கெட்டிலும் கற்ற இந்தி அவளுடையது. அந்த இந்தியில் சொன்னாள்.

"பச்பன் மே பஹுத் அச்சா. கர் மே ஹை கி நை, மாலூமீச் நை படதா தா."

சின்ன வயதில் ரொம்ப நல்ல பிள்ளை. வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது.

தமிழில் இதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் ஒரு பெண்பிள்ளைக்குக் கிடையாது. இருக்கிற இடம் தெரியாது. காலை மடக்கினால்தான் எல்லோரும் படுக்க முடியும் என்கிற அறையில், இருக்கிற இடம் தெரியாத பிள்ளை வரம். பேச்சிராஜாவுக்கு அவளைப் பேசும்போதும் தரகர் முதலில் சொன்னது அதைத்தான். அவன் வீட்டில் அப்பாவும் அண்ணனும் மதினியும் நாள் பூராவும் கத்துவார்கள். இருக்கிற இடம் தெரியாத பெண் என்றதும் அவன் முகம்கூடப் பார்க்காமல் சரி என்றான்.

அதே பேச்சு இந்தியில் வந்தபோது அதன் மேல் இருந்த பூச்சு எல்லாம் உரிந்துவிட்டது. ஒரு பிள்ளை இருந்தது, அது இருக்கிறதா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவ்வளவுதான் அதில் மிச்சம் இருந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

எந்த வயதில் என்று கேட்டாள்.

எட்டு, ஒன்பது என்றாள் மாமியார். அதுக்கு முன்னால வாயாடி. அவ அப்பா பூலோகம் உல்லாஸ்நகருக்கு ஜவுளிக் கடை வேலைக்குப் போறேன்னு போயி அங்கனயே ஒருத்தியச் சேத்துக்கிட்டு உக்காந்துட்டார். அப்புறம்தான் பிள்ளைக்குப் பொறுப்பு வந்துச்சு. இந்தியிலும் தமிழிலுமாகச் சொன்னாள்.

விளையாடுவாளா?

இல்லை. வெளியே போகவே மாட்டாள்.

சாப்பாடு?

வைத்ததில் பாதி. ஒரு தொந்தரவு கிடையாது.

பள்ளிக்கூடம்?

"டீச்சர் என்ன சொல்லுவாங்க தெரியுமா? நாப்பது பேரும் இவள மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்ல அப்படின்னுவாங்க." பாஸானாளா என்று டாக்டர் கேட்டாள். இல்லை, ஆறாவதோடு நின்றுவிட்டாள்.

அழுவாளா?

"கபீ நை" என்றாள் முப்பிடாதியம்மாள். ஒருநாளும் இல்லை. ஒவ்வொரு பதிலையும் சீர்வரிசைத் தட்டில் நகை வைப்பது மாதிரி வைத்துக்கொண்டே போனாள். நிறுத்தத் தெரியவில்லை. "பள்ளிக்கூடம் இல்லாத நாளுல நான் காலையில வேலைக்குப் போகும்போது வெளியில பூட்டிட்டுப் போவேன். பொம்பளப் புள்ள, சந்து கெட்ட சந்து. சாயங்காலம் வந்து தெறந்தா, வச்ச எடத்துலயே உக்காந்திருப்பா. புதுசா குடிவந்த பக்கத்து வீட்டுக்காரிக்கே ஒரு வருசம் தெரியாது, உள்ள ஒரு புள்ள இருக்குன்னு."

பேச்சிராஜாதான் அதை டாக்டருக்கு இந்தியில் சொல்ல வேண்டியிருந்தது.

பெரிய நோய் ஏதாவது வந்ததா என்று டாக்டர் கேட்டாள். ஒன்றுமில்லை, ஒரே ஒரு தடவை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டாள். தண்ணீர் என்று நினைத்து. பத்து வயது. சயான் ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைத்தது.

டாக்டர் பானுமதியைப் பார்த்தாள். பானுமதி சிரித்தாள்.

"தாகமா இருந்துச்சு மேடம்."

பத்து வயதுப் பிள்ளைக்கு மண்ணெண்ணெய் வாடை தெரியாதா? அவ்வளவு சின்ன அறையில் தண்ணீர்க் குடம் எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும்? பேச்சிராஜாவே கணக்குப் போட்டுப் பார்த்தான். மாமியாரும் அந்த நேரத்தில்தான் போட்டிருக்க வேண்டும். அவள் முகம் மாறியது. திடீரென்று இந்தியை விட்டுவிட்டாள்.

"மாப்ளே, நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டனா? இந்திக்காரிக்கு வெளங்கலயோ? நல்ல புள்ளன்னு சொல்லுங்க. நல்ல புள்ளன்னுதான சொன்னேன்."

"வெளங்கிருச்சு அத்தே" என்றான் அவன்.

பானுமதி தாயின் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஒரு வருசம் ஒருத்தருக்கும் தெரியாதாம்மா? எனக்குத் தெரியும். நான் உள்ளதான இருந்தேன்."

டாக்டர் அதற்குப் பிறகு சொன்னதைப் பேச்சிராஜா தனக்குப் புரிந்த அளவில் வாங்கிக்கொண்டான். அது திமிர் இல்லை, பேய் இல்லை, பைத்தியம் என்று ஊரில் சொல்வார்களே அதுவும் இல்லை. அந்த வயதில் அந்தப் பிள்ளைக்கு வந்தது டிப்ரெஷன். பெரியவர்களுக்கு வருவது போலவே பிள்ளைகளுக்கும் வரும், அது சோறு கேட்காது, சத்தம் போடாது, அதனால் ஒருவரும் பார்ப்பதில்லை. அப்படி வந்த எல்லாப் பிள்ளைகளும் இப்படி ஆவதில்லை. பலர் தேறிவிடுவார்கள். யாரும் கவனிக்காமல் விட்ட சிலருக்கு அது குணத்தோடு சேர்ந்து வளர்ந்துவிடும். அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னாள், பர்சனாலிட்டி டிஸார்டர் என்று. இப்போதே முத்திரை குத்தமாட்டேன், இன்னும் பல தடவை பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றும் சொன்னாள்.

பேச்சிராஜாவுக்குத் தோல் ஞாபகம் வந்தது. எருமைக் கன்றாக இருக்கும்போது முள் கிழித்த கோடு, மாடு வளர வளரத் தோலோடு தானும் நீளும். பச்சைத் தோலில் கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஏற்றி மெருகு போட்ட பிறகு பளிச்சென்று நிற்கும். வாங்கினவன் பதப்படுத்தினவனைத் திட்டுவான். பதப்படுத்தினவன் சாயக்காரனைத் திட்டுவான்.

"இவங்க பயப்படுறது ஒண்ணே ஒண்ணுக்குத்தான்" என்றாள் டாக்டர். "விட்டுட்டுப் போயிருவாங்களோன்னு. அந்தப் பயம் தாங்காம, மத்தவங்க விடுறதுக்கு முன்னாடி தானே விட்டுருவாங்க. அப்ப கூட இருக்கிறவங்க போகாம நிக்கணும். ஆனா நிக்க முடியாதவங்க, நிப்பேன்னு வாக்குக் குடுக்காதீங்க. அது இன்னும் மோசம்." மாத்திரையில் போகிற காரியமில்லை, ஒவ்வொரு புதன்கிழமையும் வரவேண்டும், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பேசிப் பேசித்தான் சரியாகும், வீட்டு ஆள் ஒருத்தர் கூட வந்தால் நல்லது. யார் வருவீர்கள்?

"நான்" என்றான் பேச்சிராஜா.

ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. தீர்த்துவிட வந்தவன் அவன். பானுமதி அவனைப் பார்த்த பார்வையைப் பார்க்க முடியாமல் மேஜைமேல் இருந்த வடாபாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமியார் அவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. பைய, மற்றவர்கள் காதில் விழாமல் பேசினாள்.

"மாப்ளே, அந்தப் பொம்பள சொன்னத சங்கத்துல சொல்லிராதீய. சின்னதுலேருந்தேன்னு சொன்னாளே, அதச் சொல்லிராதீய. ஒங்க கால்ல விழுந்து கேக்கேன். நாலு வீட்டுல பாத்தரம் தேச்சுத்தான் வளத்தேன். நான் என்ன செய்ய? கூட்டிட்டா போவ முடியும்?"

"நான் ஒங்களக் குத்தம் சொல்லல அத்தே."

"நீங்க சொல்லல. எம்மவ சொல்லிட்டாளே."

வீட்டுக்கு வந்ததும் பானுமதி கேட்டாள். "ஞாயித்துக்கெழம என்ன சொல்லப் போறீங்க?"

"ஆறு மாசம் டயம் கேப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போவம். பெறவு பாப்பம்."

"ஆறு மாசம் கழிச்சு?"

"அது அப்பப் பாப்பம்டி."

அந்தப் பதில் போதாது என்று அவனுக்கே தெரிந்தது. ஆனால் நிற்க முடியாவிட்டால் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தாள். வியாழக்கிழமை பானுமதி சந்தோஷமாக இருந்தாள். ஷமீமாவுக்குக்கூட அல்வா கொடுத்தனுப்பினாள். சனிக்கிழமை அவன் கார்கானாவிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானது. அரிசிப் பானை சுவரில் மோதி உடைந்து கிடந்தது. அவன் அதைக் கூட்டி அள்ளினான். சீக்கு, சீக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அள்ளினான். சொன்னால் கொஞ்சம் தாங்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பானுமதி தாயோடு உட்கார்ந்திருந்தாள். மாரிக்கண்ணன் தம்பிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். மின்விசிறி சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை என்று யாரோ அதை நிறுத்தினார்கள். உள்ளே வெந்தது.

"டாக்டரப் பாத்தியளா? என்ன சொன்னாவ?" என்றார் பிரம்மநாயகம்.

பேச்சிராஜா எழுந்தான். மாமியார் அவனைக் கும்பிடுவது போலப் பார்த்தாள். அவள் சொல்ல வேண்டாம் என்றதைச் சொல்வதுதான் அவளுக்கும் நல்லது என்று அவன் நினைத்தான். பானுமதிக்கும்.

"அண்ணாச்சி, இவ திமிருல பண்ணல. இது ஒரு சீக்கு. சின்னப் புள்ளையிலேருந்தே இருக்குன்னு சொல்லுதாவ. அவ மேல தப்பு இல்ல."

கடைசி வார்த்தையை யாரும் கேட்கவில்லை. மாரிக்கண்ணன் எழுந்துவிட்டான்.

"கேட்டியளா அண்ணாச்சி? சின்னப் புள்ளையிலேருந்தே! மறைச்சுல்லா கெட்டி வச்சிருக்காவ. சொத்தைக் கத்திரிக்காய நல்லதுன்னு தலையில கெட்டிட்டாவ."

"மறைக்கல சாமி, எனக்கே தெரியாது" என்று முப்பிடாதியம்மாள் எழுந்தாள்.

"பெத்தவளுக்குத் தெரியாத சீக்கு ஒண்ணு உண்டா?" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

அவ்வளவுதான், அறை முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஆஸ்பத்திரி அறையில் மாமியாரின் வாயில் ஒரு நல்ல வார்த்தை எப்படிப் புரண்டதோ, அப்படியே இங்கே அவன் வாயிலும் புரண்டுவிட்டது. பழி இல்லை என்று சொல்ல எடுத்த சொல், பழியாக எழுந்து நின்றது. டாக்டர் சீக்கு என்றால் வைத்தியம் பார் என்று அர்த்தம். சங்கத்தில் சீக்கு என்றால் சரக்கைத் திருப்பிக் கொடு என்று அர்த்தம்.

பிரம்மநாயகம் கையை உயர்த்தினார். கெட்ட மனிதர் இல்லை. முறை தெரிந்தவர். "நோயை மறைச்சு முடிச்ச கல்யாணம் கல்யாணமே இல்ல. அந்தக் காலத்துலேருந்து நம்ம வழக்கம் அதுதான். பொண்ணு வீட்டுக்குக் கேக்க ஒண்ணுமில்ல. பேச்சி, ஒனக்குத் தீந்துருச்சு."

"அண்ணாச்சி, நான் அதுக்குச் சொல்லல. ஆறு மாசம் டயம் குடுங்க. ஆஸ்பத்திரிக்கு..."

"ஏல, தீத்து விடுங்கன்னு எங்க வீட்டுத் திண்டுல வந்து உக்காந்து அழுதது நீதான?"

பலர் சிரித்தார்கள். "பயலுக்கு நெத்திலிக் கொழம்பு ருசி விடல" என்றான் ஒருவன். கார்கானாவில் என்றோ பேச்சிராஜா சொன்னது சந்து முழுக்கப் பரவியிருந்தது. மாரிக்கண்ணன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். "சும்மா இருல. தெறந்த கதவ ஏன் சாத்துத?"

பானுமதி எழுந்தது அப்போதுதான். எல்லோரும் அவள் கத்தப்போகிறாள் என்று எதிர்பார்த்தார்கள். சில பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அவள் கத்தவில்லை. கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தாலிக் கயிற்றைத் தூக்கினாள். அது கொண்டையில் மாட்டியது. பொறுமை இல்லாமல் இழுத்தாள். முடியும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. நடந்து வந்து தலைவர் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"இவரு ஒண்ணும் என்னைய விடல. நான் விட்டுட்டேன். எல்லாரும் பாத்துக்கோங்க. நான்தான் விட்டேன்."

பேச்சிராஜாவுக்குத் தெரியும். அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், இது என்ன என்று. விடுவதற்கு முன்னால் விடுவது. இப்போது போகாமல் நிற்க வேண்டும். எழுந்து நாலு எட்டு வைத்து, நான் போகவில்லை என்று சொன்னால் போதும். சொல்ல வேண்டிய வார்த்தை வாயில் இருந்தது.

அவன் எழவில்லை. அண்ணனின் கை தோளில் கனத்தது என்று பின்னால் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். அது கனக்கவே இல்லை. அவன் எழாததற்குக் காரணம், அவள் தாலியை வைத்த அந்த நொடியில் அவன் உடம்பு முழுக்க ஒரு சுகம் பரவியது. மூட்டை தூக்குகிறவனுக்கு மூட்டை இறங்கும்போது வருமே, அந்தச் சுகம். மூட்டைக்குள் என்ன இருந்தது, அது எங்கே விழுந்தது என்று அந்த நேரத்தில் எந்தச் சுமைகாரனும் பார்ப்பதில்லை.

முப்பிடாதியம்மாள் மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். அடுத்து ஒரு சாக்கடைக் குழாய்த் தகராறை எடுத்தார்கள்.

அன்று மத்தியானம் பேச்சிராஜா அடித்துப்போட்டது போல் தூங்கினான். இத்தனை வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை. திங்கட்கிழமை சலாவுதீன் பாய் அவனுக்குப் பெரிய கிளாஸில் சாயா வாங்கிக் கொடுத்தார். "அல்லா உனக்கு ஒரு வழி தெறந்துட்டான். இனிமே மிஷினப் பாரு." அவன் மிஷினைப் பார்த்தான். தையல் நேராக விழுந்தது. செவ்வாயும் நேராக விழுந்தது.

புதன்கிழமை பாயிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு செம்பூருக்குப் பஸ் ஏறினான். போய் என்ன செய்யப் போகிறான் என்று அவனிடம் திட்டம் எதுவும் இல்லை. வரமாட்டாள் என்றுதான் நினைத்தான். வரமாட்டாள் என்று பார்த்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தான்.

அவள் வந்திருந்தாள். தாயும் மகளும் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பானுமதியின் கழுத்தில், கயிறு அறுத்த இடத்தில் சிவப்பாகக் கோடு கிடந்தது. அவனைப் பார்த்ததும் தாயிடம் கேட்டாள். "இந்தாள எதுக்கு வரச் சொன்ன?"

"நான் சொல்லல தாயி."

அவன் தள்ளி உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்து, போன வாரம் எழுதியதைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"பானுமதி பேச்சிராஜா."

"சிர்ஃப் பானுமதி" என்றாள் அவள். வெறும் பானுமதி. "அந்தப் பேரை அடிச்சிருங்க சிஸ்டர்." தாய் கூட எழுந்தாள். "நீ இரு" என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள்.

கதவு சாத்தியே இருந்தது. உள்ளிருந்து முதலில் சத்தமே இல்லை. பிறகு அழுகை கேட்டது. பிளேடும் ரத்தமுமாக அழும் அழுகை அவனுக்குப் பழக்கம். இது அது இல்லை. ஒரு சின்னப் பிள்ளை அடம்பிடித்து அழுவது மாதிரி, மூச்சு வாங்கி வாங்கி, நிறுத்தாமல். முப்பிடாதியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "இப்படி ஒரு சத்தம் இவளுக்கு இருக்குன்னே எனக்குத் தெரியாது மாப்ளே" என்றாள். மாப்ளே என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நர்ஸ் வெளியே வந்தாள். பானுமதி கூட வந்த ஆள் யார், ஒருத்தர் உள்ளே வரவேண்டும் என்றாள்.

பேச்சிராஜா எழுந்துவிட்டான். நர்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு நீ என்ன உறவு என்று இந்தியில் கேட்டாள்.

கையெட்டும் தூரத்தில் கதவு. உள்ளே அந்த அழுகை. நிற்க முடியாதவர்கள் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று அந்த அறையில் உட்கார்ந்துதான் கேட்டிருந்தான். தன்னால் எவ்வளவு முடியும் என்று ஞாயிற்றுக்கிழமையே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பஸ்தி கா ஆத்மி" என்றான். அவுங்க ஏரியாக்காரன்.

ஏரியாக்காரன் உதவாது, வீட்டு ஆள் வரட்டும் என்று நர்ஸ் அவனைத் தாண்டிப் பார்த்தாள். முப்பிடாதியம்மாள் எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து, கதவருகே ஒரு நிமிஷம் நின்று, சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். அழுகை நிற்கவில்லை. இன்னும் பெரிதாகியது.

பேச்சிராஜா கொஞ்ச நேரம் பெஞ்சருகே நின்றுகொண்டிருந்தான். அப்புறம் படியிறங்கிப் போய், தாராவிக்குப் போகிற பஸ் வந்ததும் ஏறிக்கொண்டான். கார்கானாவில் அரைநாள் வேலை மிச்சம் இருந்தது.